பூட்டின் பெருமையும் பூட்டுக்காரரின் சொல்லும்

சில மாதங்களுக்கு முன் நம் பழைய மாணவர் ஒருவர் இல்லம் தேடி வந்திருந்தார். முதுகலைத் தமிழ் பயின்றவர். இன்று ஒரு நடுத்தரத் தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனத்தில் மக்கள் தொடர்புப் பிரிவில் பணியாற்றுகிறார். சிறு மருத்துவமனைகள், பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் கணினிகளைத் தொலைவிலிருந்தே பராமரிப்பதும் காப்பதும் அந்நிறுவனத்தின் தொழில். கையில் ஒரு துண்டறிக்கையின் வரைவு வைத்திருந்தார். அதன் ஆங்கில முகப்பில் பெரிய எழுத்தில் இருந்த ‘அன்பிரேக்கபிள்’ என்னும் சொல்லுக்குத் தகுந்த தமிழ் வேண்டுமாம். “ஐயா, தகர்க்கவியலாத என்பதா, ஊடுருவவொண்ணாத என்பதா, எது பொருந்தும்?” என்று கேட்டார்.

சொல் தருவது எளிது. தமிழில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் பேச்சு வளர்ந்தபோது வேறொன்றும் தெரிய வந்தது. தம் நிறுவனத்திற்குள் எவரேனும் ஊடுருவிவிட்டால் வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது, யார் சொல்வது, எத்தனை மணி நேரத்திற்குள் சொல்வது என்று ஓர் அறிக்கையை முன்கூட்டியே எழுதி வைக்கலாமே என்று அவர் தம் மேலாளரிடம் கேட்டிருக்கிறார். “நடக்காத ஒன்றுக்கு இப்போதே ஒப்பாரி எதற்கு?” என்று மேலாளர் மறுத்துவிட்டாராம்.

முகப்புக்குச் சொல் தேடுகிறார்கள். உள்ளே வைக்க வேண்டிய சொல்லை வேண்டாம் என்கிறார்கள். இந்த முரண் நம்மைச் சில வாரங்கள் விடாது தொடர்ந்தது. காவலை விற்போர் தம்மைப் பற்றி உலகிற்கு என்ன சொல்லி வந்திருக்கின்றனர் என்று பின்னோக்கிப் பார்த்தபோது, இக்கதை கணினிக்கு முன்பே, ஒரு பூட்டுக்கடையில் தொடங்கியிருப்பது தெரிந்தது.

இலண்டன் மாநகரின் பிக்காடிலி வீதியில் 124ஆம் எண்ணுள்ள கடை. ஜோசப் பிராமா என்பவர் 1784இல் காப்புரிமை பெற்ற பூட்டு அங்கே விற்கப்பட்டது. கடையின் முகப்புச் சாளரத்தில் ஒரு பூட்டு. அதனுடன் ஓர் அறைகூவல். சாவியின்றி அப்பூட்டைத் திறக்கவல்ல கருவியைச் செய்பவர்க்கு 200 கினி பரிசு என்பதே அதன் சாரம். பல பத்தாண்டுகள் அப்பரிசை எவரும் பெறவில்லை. வீதியில் செல்வோர் அனைவரும் படிக்கும் அந்த அறைகூவலே அந்நிறுவனத்தின் விளம்பரம், நற்பெயர், மக்கள் தொடர்பு எல்லாம்.

அதற்கு நிகரான புகழ் பெற்றது சப் குடும்பத்தாரின் பூட்டு. 1818இல் ஜெரமையா சப் காப்புரிமை பெற்ற இப்பூட்டுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. யாரேனும் திருட்டுத்தனமாகத் திறக்க முயன்றால் உள்ளே ஒரு நெம்பு சிக்கிக்கொள்ளும். அடுத்த முறை உரியவர் தம் சாவியை நுழைக்கும்போது, எவரோ கை வைத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இன்றைய கணினிப் பாதுகாப்பில் ‘ஊடுருவல் கண்டறிதல்’ என்று சொல்லப்படுவதன் மூதாதை இது எனலாம். கைதிகளை அடைத்து வைத்திருந்த கப்பலொன்றில், தொழிலால் பூட்டுத் தச்சனாகிய ஒரு கைதியிடம் இப்பூட்டைக் கொடுத்து, திறந்தால் விடுதலையும் பணமும் என்றார்கள். அவன் பல வாரங்கள் முயன்று தோற்றான். அந்தத் தோல்வியும் விளம்பரமாயிற்று.

1851இல் இலண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடைபெற்றது. அமெரிக்காவிலிருந்து ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்னும் பூட்டு வல்லுநர் வந்தார். தம் முதலாளிகளின் பூட்டை விற்க வந்தவர் அவர். ஆயின் தம் சரக்கைப் புகழ்வதற்கு முன் பிறர் சரக்கைத் திறந்து காட்டினார். அவ்வாண்டு ஜூலையில் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் ஒரு வீட்டில், சான்றோர் முன்னிலையில், சப் பூட்டை ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்தார். காட்டிக்கொடுக்கும் நெம்பு சிக்காதபடி மீண்டும் பூட்டியும் வைத்தார். பின்னர் பிக்காடிலியின் அறைகூவலை ஏற்றார். 16 நாட்களில் பரவிக் கிடந்த 51 மணி நேர உழைப்பு. பிராமா பூட்டும் திறந்தது. இவ்வளவு நேரமும் கருவியும் எந்தத் திருடனுக்கு வாய்க்கும் என்று பிராமா நிறுவனத்தார் வாதிட்டனர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் நடுவர்கள் ஹாப்ஸின் பக்கம் நிற்க, 200 கினி கைமாறியது.

இங்கே நாம் கருத வேண்டியது வேறு. பூட்டின் குறையைப் பொதுவெளியில் பேசலாமா என்ற பெரும் விவாதம் அப்போது இங்கிலாந்தில் எழுந்தது. பேசினால் திருடர்க்குப் பாடம் சொல்லியதாகும் என்றார் சிலர். திருடர்க்கு அது முன்பே தெரியும், தெரியாதவர் பூட்டை வாங்கிய வீட்டுக்காரர் மட்டுமே என்றது மறுபக்கம். ஹாப்ஸ் நின்றது அந்த மறுபக்கத்தில். சில ஆண்டுகள் கழித்து, ஹாப்ஸ் காட்சிக்கு வைத்த அமெரிக்கப் பூட்டையும் லைனஸ் யேல் என்னும் இன்னொரு அமெரிக்கர் திறந்து காட்டினார் என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. திறக்கவே இயலாதது என்று சொல்லப்பட்ட எல்லாம், திறக்க இதுவரை எவரும் முனையாதது என்பதே உண்மையாய் இருந்திருக்கிறது.

அரை நூற்றாண்டு கழிந்தது. காக்க வேண்டியது பெட்டகம் என்பது மாறிச் செய்தி என்றாயிற்று. கம்பியில்லாத் தந்தியின் தந்தையெனப் போற்றப்படும் மார்க்கோனி, தம் கருவிகள் குறிப்பிட்ட அலைவரிசைக்கு இசைவிக்கப்பட்டவை. ஆதலால் தம் செய்திகளை அயலார் ஒட்டுக்கேட்க இயலாது என்று 1903இன் தொடக்கத்தில் பத்திரிகை வாயிலாக அறிவித்திருந்தார். கடலடிக் கம்பித் தந்தி நிறுவனங்களுக்கு இது வாழ்வா சாவா என்னும் போட்டி. அவற்றுள் ஒன்றாகிய ஈஸ்டர்ன் டெலிகிராப் நிறுவனம், மார்க்கோனியின் செய்திகளைக் கவனிக்க நெவில் மாஸ்கெலின் என்பவரை அமர்த்தியிருந்தது. இவர் மேடை மாயவித்தைக் குடும்பத்தில் பிறந்தவர்.

அவ்வாண்டு ஜூன் மாதம் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் அரங்கில் மார்க்கோனியின் ஆலோசகர் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் உரையாற்றிக்கொண்டிருந்தார். முந்நூறு மைலுக்கு அப்பால் கார்ன்வாலின் போல்தூவிலிருந்து மார்க்கோனி அனுப்பும் செய்தி, உரையின் முடிவில் அவையினர் முன்னிலையில் வந்து சேர வேண்டும். அதற்குச் சற்று முன்பே கருவி தானாக அடித்துக்கொள்ளத் தொடங்கிற்று. ஒரே ஆங்கிலச் சொல், ‘எலிகள்’ என்று பொருள்படுவது, திரும்பத் திரும்ப வந்தது. அதன்பின் மார்க்கோனியை எள்ளி நகையாடும் செய்யுள் வரிகள் வந்தன. வல்லமை வாய்ந்த அலைபரப்பி ஒன்றைக் கொண்டு இதனைச் செய்தவர் மாஸ்கெலின். அவையினருள் பெரும்பாலோர்க்கு ஒன்றும் தெரியவில்லை; மோர்ஸ் ஒலியை உணர்ந்த உதவியாளர்க்குத் தெரிந்தது.

அதன்பின் பிளெமிங் செய்ததுதான் நம் பொருளுக்கு இன்றியமையாதது. அவர் லண்டன் டைம்ஸ் இதழுக்கு ஒரு மடல் எழுதினார். குறுக்கிட்டவன் ஒரு போக்கிரி என்றும், அவனைக் கண்டறிய வாசகர் உதவ வேண்டும் என்றும் கோரினார். சில நாட்களில் மாஸ்கெலின் அதே இதழில் தம் பெயருடன் விடை எழுதினார்: மக்களுக்கு அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு மெய்தானா என்று சோதிப்பது பொதுநலன் என்பது அவர் வாதம். அவர் போட்டி நிறுவனத்தின் ஊதியம் பெற்றவர் என்பதை மறக்கலாகாது. எனினும் அவர் எழுப்பிய வினா இன்றும் உயிரோடிருக்கிறது. பிளெமிங்கின் மடல் குறுக்கிட்டவனின் ஒழுக்கத்தைப் பேசிற்று. குறுக்கீடு எவ்வாறு இயன்றது என்பதைப் பேசவில்லை. பாதுகாப்பு நிறுவனங்களின் அறிக்கைகள் பலவற்றில் ‘மிகவும் தேர்ந்த தாக்குதலாளர்’ என்னும் தொடரைப் படிக்கும்போதெல்லாம் நமக்குப் பிளெமிங்கின் மடல் நினைவுக்கு வருகிறது.

இதற்கு மூன்றாண்டுகள் கழித்து, முற்றிலும் வேறொரு துறையில், மக்கள் தொடர்பு என்னும் தொழிலின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பாலத்திலிருந்து மின்தொடர்வண்டி நீரில் விழுந்து 53 பேர் இறந்தனர். விபத்துகளை மூடி மறைப்பதே அக்கால இரயில்வே நிறுவனங்களின் வழக்கம். பென்சில்வேனியா இரயில்வேயின் ஆலோசகராயிருந்த ஐவி லீ அதற்கு மாறாகச் செய்தார். நிறுவனத்தின் சார்பிலேயே செய்திகளைத் தொகுத்து எழுதி இதழ்களுக்கு அளித்தார். செய்தியாளர்களையும் புகைப்படக்காரர்களையும் விபத்து நிகழ்ந்த இடத்திற்கே அழைத்தார். முதல் பத்திரிகைக் குறிப்பு என்று இத்துறையினர் பலர் இன்றும் சுட்டுவது அதனையே. பின்னாளில் லீ பணியாற்றிய இடங்கள் சில அவருக்குப் பெருமை சேர்ப்பன அல்ல. ஆனால் இத்தொழிலின் பத்திரிகைக் குறிப்பு என்னும் கருவி பிறந்தது புகழ்மாலையில் அன்று, ஒரு கேட்டை ஒப்புக்கொள்வதில் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. நம் மாணவரின் மேலாளர் ஒப்பாரி என்றது அத்தொழிலின் முதற்பாடத்தை.

கணினிக் காலத்திற்கு வருவோம். பாதுகாப்பை விற்போர்க்கு இப்போது இரண்டு குரல்கள் வாய்த்தன. ஒன்று அச்சம், மற்றொன்று பெருமிதம். 1992இல் மைக்கலாஞ்சலோ என்னும் நச்சுநிரல் மார்ச் 6 அன்று விழித்தெழுந்து கணினிகளின் வன்தட்டுகளை அழிக்கும் என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. பாதிப்பு 50 இலட்சம் கணினிகள் வரை செல்லக்கூடும் என்னும் கணிப்பு, அத்துறையின் வணிகரான ஜான் மெக்காபியின் பெயரோடு இதழ்களில் வலம் வந்தது. அந்நாளும் வந்தது, பாதிக்கப்பட்டவை சில ஆயிரங்கள் என்ற அளவிலேயே நின்றன. முன்னெச்சரிக்கையால்தான் தப்பினோம் என்றும் சொல்ல இடமுண்டு. ஆனால் மருந்துக்கடைக்காரரே நோயின் எண்ணிக்கையைச் சொல்லும்போது கேட்பவர் ஒரு கணம் நிதானிக்க வேண்டும். மெக்காபியின் நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் பங்குச்சந்தையில் நுழைந்தது.

பெருமிதத்தின் எடுத்துக்காட்டு 2001இன் இறுதியில் வந்தது. ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எலிசன் தம் தரவுத்தள மென்பொருளுக்குச் சூட்டிய விளம்பரப் பெயர், நம் மாணவர் தமிழ் தேடிய அதே சொல்: அன்பிரேக்கபிள். சில மாதங்களுக்குள், 2002இன் தொடக்கத்தில், டேவிட் லிட்ச்பீல்ட் என்னும் பிரித்தானிய ஆய்வாளர் அம்மென்பொருளில் கண்ட குறைகளை வெளியிட்டார். நிறுவனம் திருத்தங்களை வெளியிட வேண்டியதாயிற்று. பிக்காடிலிப் பூட்டின் கதை ஒன்றரை நூற்றாண்டு கழித்து மறுமுறை அரங்கேறியது. ஒரு வேறுபாடு மட்டும்: பிராமாவின் கடை திறப்பவனுக்குப் பரிசு வைத்து அழைத்தது, ஆரக்கிளின் விளம்பரம் அழைக்காமலே அழைத்தது.

இதுவரை சொன்னவற்றில் தோற்றவர் இழந்தது பெரும்பாலும் பெயரை மட்டுமே. காவலரின் மௌனம் மற்றவர் தலைமீது எவ்வாறு விழும் என்பதை 2011ஆம் ஆண்டு காட்டிற்று.

நெதர்லாந்தில் பெவர்வைக் என்னும் ஊரில் டிஜிநோட்டார் என்றொரு நிறுவனம் இருந்தது. இணையத்தில் ஒரு தளத்திற்குள் நுழையும்போது, இது மெய்யாகவே அத்தளந்தான் என்று நம் உலாவிக்கு உறுதி கூறும் மின்னணுச் சான்றிதழ்களை வழங்குவது அதன் தொழில். டச்சு அரசும் அதன் வாடிக்கையாளர். அவ்வாண்டு கோடையில் எவரோ உள்ளே புகுந்து, கூகுள் உள்ளிட்ட தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்களை உருவாக்கிக்கொண்டார். ஜூலை 19 அன்று நிறுவனம் இதனை அறிந்தது. தான் கண்டுபிடித்த போலிகளை இரத்து செய்தது. பின் வாய்மூடிக்கொண்டது. இரத்து செய்யப்படாத போலி ஒன்று எஞ்சியிருந்தது.

ஆகஸ்டு இறுதியில் ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தும் ஒருவர், தம் உலாவி காட்டிய எச்சரிக்கையைக் கண்டு ஐயுற்றுப் பொதுவெளியில் கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. கூகுள் தளத்தின் பெயரிலான அந்தப் போலிச் சான்றிதழைக் கொண்டு ஈரானியரின் அஞ்சல் போக்குவரத்து இடைமறிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ மூன்று இலட்சம் இணைய முகவரிகள் அதில் சிக்கியதாகப் பின்னர் நடந்த ஆய்வு கூறிற்று. போலிச் சான்றிதழ்கள் மொத்தம் 531. கடவுச்சொல் வலுவற்றது, மென்பொருள்கள் பழையவை, வழங்கிகளில் நச்சுநிரல் தடுப்பு இல்லை என்பனவும் அவ்வாய்வில் தெரிந்தன.

அரசியல் கருத்துக்காகச் சிறைப்படக்கூடிய நாட்டில் ஒருவரின் மடல் பிறர் கண்ணில் படுவது என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஜூலையில் ஒரு வரி அறிவிப்பு வந்திருந்தால் உலாவி நிறுவனங்கள் அப்போதே அச்சான்றிதழ்களை ஒதுக்கியிருக்கும். ஆனால் செய்தி வெளியான பின்பும், டிஜிநோட்டாரின் தாய் நிறுவனமான வாஸ்கோ வெளியிட்ட பத்திரிகைக் குறிப்பு, சான்றிதழ் வணிகத்தின் அரையாண்டு வருவாய் ஒரு இலட்சம் யூரோவுக்கும் குறைவே என்றும், தன் எதிர்கால வருவாயில் பெரிய பாதிப்பை எதிர்பார்க்கவில்லை என்றும் முதலீட்டாளர்க்கு ஆறுதல் கூறிற்று. மக்கள் தொடர்பு என்னும் சொல்லில் ‘மக்கள்’ யார் என்ற வினாவுக்கு அக்குறிப்பு தந்த விடை அது. செப்டம்பர் தொடக்கத்தில் டச்சு உள்துறை அமைச்சர் நள்ளிரவு கடந்து செய்தியாளரைக் கூட்டி, அந்நிறுவனத்தின் மீதான நம்பிக்கையை அரசு விலக்கிக்கொள்வதாக அறிவித்தார். செப்டம்பர் 20 அன்று டிஜிநோட்டார் திவாலானது. நம்பிக்கை ஒன்றே சரக்காகிய கடையில் அது தீர்ந்தபின் விற்பதற்கு வேறொன்றும் இல்லை.

இதன் எதிர்முனையை 2020 டிசம்பர் 8 அன்று உலகம் கண்டது. ஊடுருவல்களை ஆராய்வதற்கென்றே பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனம் பயர் ஐ. அதன் தலைவர் கெவின் மாண்டியா, தம் நிறுவனமே ஊடுருவப்பட்டது என்றும், வாடிக்கையாளரின் அரண்களைச் சோதிக்கத் தாம் வைத்திருந்த கருவிகள் களவு போயின என்றும் தம் பெயரிலேயே எழுதி வெளியிட்டார். அத்துடன், அக்கருவிகள் எவர்மீதேனும் ஏவப்பட்டால் அதைக் கண்டறிந்து தடுக்கும் வழிமுறைகள் முந்நூறுக்கு மேல் அன்றே அனைவர்க்கும் இலவசமாக அளிக்கப்பட்டன. மறுநாள் பங்குவிலை ஏறத்தாழ 13 விழுக்காடு சரிந்தது. உண்மைக்குக் கொடுத்த விலை அது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒரு பணியாளரின் பெயரில் இரண்டாவது கைப்பேசி பதிவாகியிருந்ததில் தொடங்கிய துப்பு, சோலார்விண்ட்ஸ் என்னும் நிறுவனத்தின் மென்பொருளில் புகுத்தப்பட்டிருந்த கள்ளவழியில் கொண்டுபோய் நிறுத்திற்று. டிசம்பர் 13 அன்று அதனையும் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அந்த நஞ்சு கலந்த புதுப்பிப்பைத் தரவிறக்கியிருந்தனர். அமெரிக்க அரசின் துறைகளும் அவர்களுள் அடக்கம். பயர் ஐ தன் மானத்தைக் காக்க வாய்மூடியிருந்தால் அக்கள்ளவழி இன்னும் எத்தனை நாள் திறந்து கிடந்திருக்கும்? மாண்டியன்ட் எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தை 2022இல் கூகுள் 540 கோடி டாலருக்கு வாங்கிற்று. நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்று இதனை எளிமைப்படுத்த நாம் விரும்பவில்லை. வணிகக் காரணங்கள் பல. ஆயினும் ஊடுருவப்பட்டோம் என்று உரைத்ததால் அந்நிறுவனம் அழிந்துவிடவில்லை என்பது மட்டும் உறுதி.

சிறிய சேவை நிறுவனங்களுக்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2021 ஜூலை 2 அன்று நடந்ததே அதற்கு விடை. பிறர் கணினிகளைத் தொலைவிலிருந்து பராமரிக்கும் சேவை நிறுவனங்கள் பயன்படுத்தும் கசேயா என்னும் மென்பொருளின் வழியே, பிணைப்பணம் கேட்கும் நிரல் பரவியது. நேரடியாகப் பாதிக்கப்பட்ட சேவை நிறுவனங்கள் அறுபதுக்குக் குறைவு என்றது கசேயா. அவற்றை நம்பியிருந்த சிறு தொழில்களோ ஆயிரத்து ஐந்நூறு வரை. ஸ்வீடனில் கூப் என்னும் பேரங்காடித் தொடரின் ஏறத்தாழ 800 கடைகளில் பெரும்பாலானவை, பணம் வாங்கும் இயந்திரம் இயங்காமையால் கதவடைத்தன. பால் வாங்க வந்தவருக்குக் கசேயா என்ற பெயரே தெரிந்திருக்காது. ஊர்க்கிணற்றுக்குக் காவல் நிற்பவன் உறங்கினால் அவன் வீட்டுக் குடம் மட்டுமா கெடும்?

சட்டமும் இவ்வழி நடக்கத் தொடங்கியுள்ளது. ஊடுருவல் போன்ற நிகழ்வுகளை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவாகிய செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. ஆனால் அது அரசுக்குச் சொல்வது. மருத்துவமனை எழுத்தர்க்கும் கூட்டுறவுச் சங்கச் செயலர்க்கும் அவர்களுக்குப் புரியும் மொழியில் யார் சொல்வது? அதற்குத்தான் மொழி கற்ற ஒருவர் அந்நிறுவனத்தில் இருக்கிறார் என்று நாம் எண்ணுகிறோம்.

வள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். உயரம், அகலம், திண்மை என்று கோட்டையின் மாட்சிகளையெல்லாம் அடுக்கி வந்தவர், எவ்வளவு மாட்சி இருப்பினும் உள்ளிருப்போரிடம் செயல்திறம் இல்லையேல் அரணும் இல்லை என்று அவ்வதிகாரத்தை முடிக்கிறார். வகுப்பில் பல்லாண்டு நடத்திய பாடந்தான். மதிலின் உயரத்தைப் பாடுவோர் படிக்க மறப்பது அந்த இறுதிக் குறளை.

மாணவருக்கு நாம் முகப்புச் சொல் எதுவும் தரவில்லை. மாறாக, இருவரும் ஒரு மாலை அமர்ந்து, வேண்டாம் என்று சொல்லப்பட்ட அந்த அறிக்கையை எழுதினோம். ஒரு பக்கம். என்ன நடந்தது, உங்களுடைய எவ்வெவை வெளியே போயிருக்கலாம், இன்றிரவே நீங்கள் செய்ய வேண்டியவை எவை, எங்கள் பக்கம் எது தவறிற்று, எந்த எண்ணில் ஒரு மனிதர் பேசுவார். தேதிக்கும் விவரங்களுக்கும் இடம் விட்டிருந்தோம். ‘மிகவும் தேர்ந்த தாக்குதலாளர்’ என்று அவர் பழக்கத்தில் எழுதியதை அவரே அடித்தார்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். துண்டறிக்கை அச்சாகிவிட்டதாம், முகப்பில் ‘ஊடுருவவொண்ணாத’ என்ற சொல் இருக்கிறதாம். மேலாளர் வேறு எவரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறார். நாம் எழுதிய பக்கத்தை என்ன செய்தார்கள் என்று கேட்டோம். “மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன் ஐயா. பூட்டவில்லை” என்றார்.